மூன்றாம் முறை தேறியவர்: டாக்டர் எல்லாப்பிரகடா சுப்பாராவ்



நம் யூனியன் மலருக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கை வரலாறு எழுதித் தரும்படி செயலாளர் என்னிடம் கேட்டபோது, பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் ஜி.டி.நாயுடுவைப் பற்றித்தான் எழுதுவேன் என்று முடிவே கட்டிவிட்டார்கள். கோயமுத்தூரில் ஒரு பாலிடெக்னிக் மலர், அதில் ஜி.டி.நாயுடு இல்லையென்றால் எப்படி? அவர் மீது எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் அவரைப் பற்றி எழுத நம்மில் ஆண்டுக்கு ஒருவர் கிடைத்துவிடுகிறார். நான் எழுதப்போகிறவரைப் பற்றி எழுத யாரும் கிடைப்பதில்லை. அதனால்தான் இந்த முயற்சி.

ஜி.டி.நாயுடு 1893-ல் கலங்கலில் பிறந்தார். அதற்கு இரண்டு வருஷம் கழித்து, 1895 ஜனவரி 12-ம் தேதி, அன்றைய சென்னை ராஜதானியின் வடக்கே, கோதாவரிப் பக்கம் பீமவரத்தில் பிறந்தவர்தான் எல்லாப்பிரகடா சுப்பாராவ். தாய்மொழி தெலுங்கு. பிற்பாடு படித்தது சென்னைப் பட்டணத்தில். ஏழு குழந்தைகளில் நான்காவது பிள்ளை. அப்பா ஜகந்நாதம் ரெவின்யூ இலாகாவில் சிறிய உத்தியோகம் பார்த்தவர். உடம்புக்கு முடியாமல் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்தார். ஏழு பிள்ளைகள், படுத்த அப்பா, வருமானம் இல்லாத வீடு. மீதியை நான் சொல்ல வேண்டியதில்லை.

பையனுக்குப் படிப்பில் நாட்டம் இல்லை. பதின்மூன்று வயது வாக்கில் ஒரு யோசனை தோன்றியது. காசிக்குப் போய் யாத்திரை வருகிறவர்களுக்கு வாழைப்பழம் விற்றால் காசு பார்க்கலாம்! உறவுக்காரப் பையன் ஒருவனைக் கூட்டிக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்பியும் விட்டான். அம்மா வெங்கம்மா விடுவதாக இல்லை. தேடிப் பிடித்துத் திரும்பக் கொண்டுவந்து மறுபடியும் பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்தார்.

உட்கார வைத்தால் மட்டும் பாஸாகிவிடுமா? மெட்ரிகுலேஷனில் சுப்பாராவ் இரண்டு முறை தோற்றார். இடையில் அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா இருந்த நகையை விற்றுச் சென்னைக்கு அனுப்பினார். திருவல்லிக்கேணி இந்து ஹைஸ்கூலில் படித்து, மூன்றாவது முறை தேறினார். இந்த இடத்தில் நான் கொஞ்சம் நின்றுகொள்கிறேன். ஏனென்றால் நம் ஹாஸ்டலில் இரண்டு அரியர் வைத்துவிட்டு ஊருக்குப் போகவே வெட்கப்பட்டுக்கொண்டு தீபாவளிக்கும் அறையிலேயே இருந்தவர்கள் உண்டு. அவர்கள் இந்தப் பத்தியை மட்டும் இரண்டு தரம் படித்தால் போதும், மீதியைப் புரட்டிவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை.

பிரசிடென்சி கல்லூரியில் இன்டர்மீடியட் படிக்கும்போது கணக்கில் ஆர்வம் வந்தது. கூடவே துறவறத்திலும் ஆர்வம் வந்துவிட்டது! ராமகிருஷ்ணா மிஷனில் சேர்ந்து சந்நியாசி ஆகிவிட வேண்டும் என்றார். அம்மாவின் அனுமதி இல்லாமல் முடியாது என்று மிஷனில் சொல்லிவிட்டார்கள். அம்மா அனுமதி தரவில்லை. சேவைதான் செய்ய வேண்டும் என்றால் டாக்டருக்குப் படித்துச் செய்யலாமே என்று யோசனை வர, சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். நண்பர்களும், பிற்பாடு மாமனார் ஆன கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தியும் பணம் கொடுத்து உதவினார்கள். 1919-ல் அவருடைய மகள் சேஷகிரியை மணந்தார்.

அது காந்தியடிகள் அந்நியத் துணியை விலக்கச் சொல்லிக்கொண்டிருந்த காலம். சுப்பாராவ் கதர் கட்டினார். அதோடு நிற்காமல் ஆபரேஷன் தியேட்டருக்கும் கதரில் தைத்த சர்ஜிகல் உடுப்பைப் போட்டுக்கொண்டு போனார். அறுவை சிகிச்சைப் பேராசிரியர் பிராட்ஃபீல்டு என்ற வெள்ளைக்காரர். அவருக்கு இது பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வில் நன்றாகவே எழுதியிருந்தும் சுப்பாராவுக்கு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை. அதைவிட ஒரு படி கீழே இருந்த எல்.எம்.எஸ். என்கிற சான்றிதழ்தான் கைக்கு வந்தது.

எல்.எம்.எஸ். என்றால் என்னவென்று நமக்கு விளக்கவே வேண்டாம். பி.இ.க்குப் பக்கத்தில் நம் டிப்ளமோ மாதிரி! அதே அனாட்டமி, அதே பிணவறை, அதே ராத்திரி விழிப்பு. ஆனால் பேருக்குப் பின்னால் போடும் எழுத்து வேறு. போன வருஷம் நாங்கள் சிலர் ஒரு கம்பெனிக்கு அப்ரண்டிஸ் நேர்காணலுக்குப் போனோம். வாசலிலேயே டிகிரி ஒரு வரிசை, டிப்ளமோ ஒரு வரிசை என்று பிரித்தார்கள். டிகிரி வரிசைக்கு நாற்காலி போட்டிருந்தது. நாங்கள் மத்தியானம் வரைக்கும் வேப்ப மரத்தடியில் நின்றோம். சுப்பாராவ் அந்தக் காலத்திலேயே அந்த வரிசையில் நின்றவர். சென்னை அரசு மருத்துவப் பணிக்கு முயன்று பார்த்தார், இடம் கிடைக்கவில்லை. கடைசியில் டாக்டர் லட்சுமிபதி நடத்திய ஆயுர்வேதக் கல்லூரியில் அனாட்டமி சொல்லிக்கொடுக்கும் வேலைதான் கிடைத்தது.

இதற்குள் வீட்டில் பேரிடி விழுந்துவிட்டது. அந்நாளில் ஸ்ப்ரூ என்று ஒரு நோய். தின்றது உடம்பில் ஒட்டாது, வயிற்றுப்போக்கு நிற்காது, இரத்தம் வற்றி ஆள் எலும்பும் தோலுமாகிப் போவான். 1921-ல் அண்ணன் புருஷோத்தமும் தம்பி கிருஷ்ணமூர்த்தியும் சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். சுப்பாராவுக்கும் அதே நோய் வந்தது, லட்சுமிபதியின் ஆயுர்வேத மருந்தில் பிழைத்தார். டாக்டருக்குப் படித்தும் கூடப்பிறந்தவர்களைக் காப்பாற்ற முடியவில்லை. அந்த நோய்க்குக் காரணமே அன்றைக்கு யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளும் இடம் அமெரிக்கா என்று அவருக்குப் பட்டது. மாமனார் கொடுத்த பணமும், காக்கிநாடாவில் மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் தர்ம ஸ்தாபனத்தின் உதவியும் சேர்ந்தன. கர்ப்பிணியாக இருந்த மனைவியிடம் மூன்று வருஷத்தில் வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டுக் கப்பல் ஏறினார். 1923 அக்டோபர் 26-ல் பாஸ்டனில் இறங்கினார்.

அந்த மூன்று வருஷம் முடியவே இல்லை. பிறந்த ஆண் குழந்தை ஓராண்டு நிறைவதற்குள் நோய்த்தொற்றில் இறந்தது. அப்பா அதன் முகத்தைப் பார்த்ததில்லை. சேஷகிரி அம்மாள் கணவரை மறுபடி பார்க்கவே இல்லை. சாதனையாளர் வரலாறுகளில் இப்படிப்பட்ட பெண்களுக்கு ஒரு வரிதான் விழுகிறது. நானும் ஒரு வரிக்கு மேல் எழுத முடியவில்லை, எழுதக் கிடைப்பது அவ்வளவுதான். ஆனால் எனக்கு இது சரியாகப் படவில்லை என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

பாஸ்டனில் அவர் சேர்ந்தது ஹார்வர்டின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளி. உதவித்தொகை இல்லை. அங்கே டாக்டராகத் தொழில் பார்க்கவும் வழியில்லை. பீட்டர் பென்ட் பிரிகாம் ஆஸ்பத்திரியில் இரவு வேலையாளாகச் சேர்ந்தார். நோயாளிகளின் மலஜலச் சட்டிகளை எடுத்துக் கழுவி வைப்பதுதான் வேலை. பகலில் வகுப்பு, இரவில் இந்த வேலை. நம்மிலும் சாயங்காலம் ஆனால் லேத் பட்டறைக்கும், பேக்கரிக்கும், பனியன் கம்பெனிக்கும் போகிறவர்கள் இருக்கிறோம். ஆனால் இங்கே நாம் யார் என்று நாலு பேருக்குத் தெரியும். அங்கே கடல் கடந்த ஊரில், குளிரில், ஒரு டாக்டர் சட்டி கழுவியிருக்கிறார். அங்கே அவர் வாங்கிய முதல் சான்றிதழ் எது தெரியுமா? டிப்ளமோ! வெப்பமண்டல மருத்துவத்தில் டிப்ளமோ.

அதன் பிறகு ஹார்வர்டு உயிர்வேதியியல் துறையில் ஓட்டோ ஃபோலின் என்ற பேராசிரியர் இடம் கொடுத்தார். சைரஸ் ஃபிஸ்க் என்பவருடன் சேர்ந்து வேலை. முதலில் கொடுத்த கணக்கு, இரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க ஒரு வழி. இது நம் மெட்டலர்ஜி நண்பர்களுக்கு உடனே புரியும். கணபதியிலும் பீளமேட்டிலும் பவுண்டரி வைத்திருப்பவர்களுக்குப் பாஸ்பரஸ் என்றால் பயம், வார்ப்பிரும்பில் அது கூடினால் வார்ப்பு நொறுங்கும். ஸ்பெக்ட்ரோமீட்டர் வருவதற்கு முன்னால் அதை மாலிப்டேட் போட்டுத்தான் பார்த்தார்கள். சுப்பாராவும் அதே மாலிப்டேட்டைத்தான் எடுத்தார். இரத்தத்தில் உள்ள புரதத்தை நீக்கிவிட்டு, அமிலத்தில் அம்மோனியம் மாலிப்டேட்டைச் சேர்த்து, அதன்மேல் ஒடுக்கும் பொருள் ஒன்றைச் சேர்த்தால் நீல நிறம் வரும். நீலம் எவ்வளவு அடர்த்தியோ பாஸ்பரஸ் அவ்வளவு. கலரிமீட்டரில் வைத்துப் படித்துவிடலாம். 1925-ல் வெளியான இந்த முறைக்கு ஃபிஸ்க்-சுப்பாராவ் முறை என்றே பெயர். இன்றைக்கும் உயிர்வேதியியல் மாணவர்கள் அந்தப் பெயரைச் சொல்லித்தான் படிக்கிறார்கள்.

அளக்கத் தெரிந்ததும் புதிய கதவு திறந்தது. தசை வேலை செய்யச் சக்தி எங்கிருந்து வருகிறது என்பது அன்றைய பெரிய கேள்வி. லாக்டிக் அமிலத்தில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது என்று நோபல் பரிசு வாங்கியவர்களே நம்பிக்கொண்டிருந்த நேரம். ஃபிஸ்கும் சுப்பாராவும் தசையிலிருந்து பாஸ்போகிரியேட்டின் என்ற பொருளை 1927-ல் அடையாளம் கண்டார்கள். 1929-ல் ஏ.டி.பி. என்கிற அடினோசின் டிரைபாஸ்பேட்டைப் பிரித்தெடுத்தார்கள். அதே ஆண்டு ஜெர்மனியில் லோமன் என்பவரும் தனியாக அதைக் கண்டார். ஏ.டி.பி. தான் உடம்பின் பேட்டரி. நீங்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டும் விரலில் இப்போது செலவாகிக்கொண்டிருப்பதும் அதுதான். 1930-ல் பிஎச்.டி. கிடைத்தது.

அதற்குப் பிறகும் ஹார்வர்டு அவருக்கு நிலையான பதவி தரவில்லை. பத்து வருஷம் ஓடியது. சுப்பாராவ் பிரித்தெடுத்த வேறு சில பொருள்கள் அச்சிலேயே வராமல் கிடந்தன என்றும், ஃபிஸ்கின் பொறாமைதான் அதற்குக் காரணம் என்றும், அவற்றை மற்றவர்கள் பல வருஷம் கழித்து மறுபடி கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று என்றும், பின்னாளில் 1988-ல் நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் சொல்லியிருக்கிறார். அவரும் அதே ஆய்வுக்கூடத்தில் இருந்தவர். இதில் எவ்வளவு ஃபிஸ்க் பேரில் போட வேண்டும், எவ்வளவு காலத்தின் பேரில் போட வேண்டும் என்று தீர்ப்பு சொல்ல நான் யார்? 1940-ல் சுப்பாராவ் பல்கலைக்கழகத்தை விட்டு ஒரு மருந்துக் கம்பெனிக்குப் போனார். நியூயார்க் மாநிலத்தில் பேர்ல் ரிவர் என்ற ஊரில் இருந்த லெடர்லி ஆய்வுக்கூடம். அங்கே 1942-ல் ஆராய்ச்சி இயக்குநர் ஆனார். பேராசிரியர் ஆகமுடியாதவர் கம்பெனி ஆளாகப் போனார் என்று அந்த நாளில் இளப்பமாகப் பார்த்திருப்பார்கள். ஆனால் அவர் செய்த பெரிய வேலை எல்லாம் அங்கேதான்.

முதல் வேலை, பழைய கணக்கு. ஸ்ப்ரூ! இந்தக் கதையின் ஒரு முனை நம் நாட்டில் இருக்கிறது. 1928 முதல் பம்பாயில் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர் பஞ்சாலைத் தொழிலாளிப் பெண்களைப் பார்த்தார். கர்ப்பமான பெண்கள் இரத்தம் இல்லாமல் வெளுத்துப்போய்ச் செத்துக்கொண்டிருந்தார்கள். மார்மைட் என்ற ஈஸ்ட் சத்தைக் கொடுத்ததும் தேறினார்கள். அதில் இருப்பது என்னவென்று தெரியவில்லை. 1941-ல் டெக்சாஸில் நான்கு டன் பசலைக்கீரையிலிருந்து துளி எடுத்து, இலைக்கான லத்தீன் சொல்லை வைத்து அதற்கு ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். கீரையிலும் ஈரலிலும் இருந்து பிரித்தால் எத்தனை பேருக்குக் காணும்? சுப்பாராவின் குழு 1945-ல் அதை ஆய்வுக்கூடத்திலேயே செய்துகாட்டியது. கட்டுரையில் நீளமான பெயர்ப் பட்டியல். தலைவருடைய பெயர் அதில் நடுவில் எங்கோ ஒன்றாக இருக்கும். கொஞ்ச நாளிலேயே ஸ்ப்ரூ நோயாளிகளுக்கு அந்த மருந்தைக் கொடுத்துக் குணம் கண்டார்கள். அண்ணனும் தம்பியும் போய் அப்போது இருபத்துநான்கு வருஷம்.

இனி நான் எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன். ஃபோலிக் அமிலம் எதற்கு வேண்டும்? அணு ஒன்று இரண்டாகப் பெருகும்போது அதன் மரபுப் பொருளைப் புதிதாகச் செய்வதற்கு வேண்டும். பாஸ்டன் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் சிட்னி ஃபார்பர் என்ற டாக்டர் இரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஃபோலிக் வகைப் பொருளைக் கொடுத்தால் புற்றுநோய் இன்னும் வேகமாகப் போவதாக அவருக்குப் பட்டது. அப்படியென்றால் ஃபோலிக் அமிலத்தைத் தடுத்தால்? சுப்பாராவின் ஆட்கள் ஏற்கனவே ஃபோலிக் அமிலம் மாதிரியே இருக்கும், ஆனால் வேலை செய்யாத போலிகளைச் செய்து வைத்திருந்தார்கள். பூட்டுக்குள் நுழைகிற கள்ளச்சாவி மாதிரி. உள்ளே போகும், திரும்பாது, மாட்டிக்கொண்டு நல்ல சாவிக்கும் இடம் விடாது. அமினோப்டெரின் என்ற அந்தப் போலியைக் கொடுத்த 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தணிந்ததாக 1948 ஜூனில் ஃபார்பர் எழுதினார். கொஞ்ச மாதங்கள்தான் தணிந்தது, உண்மை. ஆனால் அதற்கு முன்னால் குழந்தைகளின் இந்த இரத்தப் புற்றுநோய் எந்த மருந்துக்கும் இப்படி அசைந்ததே இல்லை. அமினோப்டெரினில் ஒரு சின்ன மாற்றம் செய்து, நச்சுத்தன்மை குறைந்த இன்னொன்றையும் அதே குழு செய்தது. அதன் பெயர் மெத்தோட்ரெக்ஸேட்.

அந்தப் பெயரை நான் முதலில் படித்தது புத்தகத்தில் அல்ல, மாத்திரை அட்டையில்.

எங்க அமுச்சிக்கு மூட்டு வாதம். காலையில் விரலை மடக்க முடியாது, செம்பைத் தூக்க முடியாது. முப்பது வருஷம் தறிக்குடோனில் நூல் சுற்றிய கை. வயசானால் வருவது என்றுதான் நினைத்தோம். பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் அப்படி இல்லை என்று விளக்கினார். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்குகிறது, வேலியே பயிரை மேய்கிற கதை. கிருமியைப் பிடிக்க வேண்டிய எதிர்ப்பொருள்கள் சொந்த உடம்பையே எதிரியாக நினைத்துக்கொள்கின்றன. பெருகிப் பெருகிச் சண்டைக்கு வரும் அந்த அணுக்களை அடக்க, புற்றுநோய்க்குச் செய்த அதே மெத்தோட்ரெக்ஸேட்டை மிகக் குறைந்த அளவில், வாரத்தில் ஒரே ஒரு நாள் கொடுக்கிறார்கள். 1951-லேயே அந்தக் குடும்பத்து மருந்தை மூட்டு வாதத்துக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்க அரசு முறையாக அனுமதி தந்தது 1988-ல். சின்ன அளவில் அது எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ஆய்வாளர்கள் சொல்லும் முக்கியக் காரணம், அது உடம்பில் அடினோசினைக் கூட்டி வீக்கத்தைத் தணிக்கிறது என்பது. ஏ.டி.பி.யில் முதல் பாதியாக இருக்கும் அதே அடினோசின்!

வாரம் ஒரு நாள் என்பதுதான் இதில் உயிர். தினம் ஒன்று என்று தவறாகப் போட்டுக்கொண்டால் வாயெல்லாம் புண்ணாகி, இரத்த அணுக்கள் குறைந்து ஆளே போய்விடலாம். அட்டையில் எல்லாம் இங்கிலீஷ். எங்கள் வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருத்தன். மருந்துக் கடைக்காரர் அட்டையின் பின்னால் செவ்வாய் மட்டும் என்று பேனாவில் எழுதிக் கொடுத்தார், அமுச்சிக்கு அதுவும் படிக்க வராது. நான் அட்டையில் ஒரு சிவப்பு நூலைக் கட்டி, செவ்வாய்க்கிழமை கோயிலுக்குப் போகிற நாளில் மட்டும் சிவப்பு நூல் அட்டை என்று சொல்லி வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்கு மஞ்சள் நூல் அட்டை. அதில் இருப்பது 5 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம். மெத்தோட்ரெக்ஸேட்டால் உடம்புக்கு வரும் கெடுதலை அது சரிக்கட்டுகிறது. பூட்டும் அவர் செய்ததே, சாவியும் அவர் செய்ததே. ஒரே மனிதர் தலைமையில் ஆன இரண்டு மருந்துகள் ஒரே சீட்டில், செவ்வாய்க்கு ஒன்றும் வெள்ளிக்கு ஒன்றுமாக!

அந்த ஆஸ்பத்திரி பெஞ்சில் எங்களுக்குப் பக்கத்தில், பல்லடம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பொண்ணு. என் வயதுதான் இருக்கும். அவளுக்கு இருப்பது அபூர்வமான நோய், எதிர்ப்புச் சக்தி இரத்தக் குழாய்களையே தாக்குவது. மூக்கு, நுரையீரல், சிறுநீரகம் என்று ஒவ்வொன்றாகப் பிடிக்கும். அவளுக்கு ரிட்டுக்ஸிமாப் என்ற மருந்தை டிரிப்ஸில் ஏற்றுகிறார்கள். அது ரசாயனத்தில் செய்த மாத்திரை அல்ல, அதுவே ஒரு எதிர்ப்பொருள். 1975-ல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும் ஒரே வகை எதிர்ப்பொருளை வேண்டுமளவு செய்யும் வழியைக் கண்டார்கள், 1984-ல் நோபல் பரிசு. அந்த வழியில் வந்தது இது. எதிர்ப்பொருளைச் செய்யும் அணுக்களின் வம்சத்தையே தேடிப் பிடித்து ஒழிக்கிற எதிர்ப்பொருள். முள்ளை முள்ளால் எடுப்பது. பெரிய எஃகுத் தொட்டிகளில் உயிரணுக்களை வளர்த்து அவற்றிடமிருந்து வாங்க வேண்டும், அதனால் விலை ஆயிரக்கணக்கில். 2007-ல் ஐதராபாத் கம்பெனி ஒன்று இங்கேயே செய்யத் தொடங்கிய பிறகுதான் விலை கொஞ்சம் இறங்கியது. அந்தப் பெண்ணின் அப்பா எருமையை விற்றிருக்கிறார்.

டிரிப்ஸ் முடிந்ததும் அவள் கையில் கொடுத்த சீட்டைப் பார்த்தேன். வாரம் ஒரு நாள் மெத்தோட்ரெக்ஸேட்! எதிர்ப்பொருள் மருந்து கொடுத்து நோயை அடக்கிய பிறகு, அது மறுபடி தலை தூக்காமல் பார்த்துக்கொள்ள இந்த மாத்திரையையும் கொடுப்பது உண்டாம். மூட்டு வாதத்துக்குக் கொடுக்கும் எதிர்ப்பொருள் மருந்துகள் சிலவற்றில் இன்னொரு சங்கடம். வெளியிலிருந்து வந்த மருந்து என்று உடம்பு அதற்கே எதிர்ப்பொருள் செய்து மருந்தைச் செல்லாக்காசு ஆக்கிவிடும். கூடவே மெத்தோட்ரெக்ஸேட் கொடுத்தால் அது குறைகிறது. ஆயிரக்கணக்கில் விலையுள்ள இன்றைய மருந்துக்குக் காவலாளி, சில ரூபாய் மாத்திரை. 1940-களில் செய்தது.

இன்னும் இரண்டைச் சொல்லாமல் விட்டால் தப்பு. 1947-ல் அவருடைய ஆய்வுக்கூடம் ஹெட்ராசான் என்ற மருந்தைக் கொண்டுவந்தது. யானைக்கால் நோய்க்கு. தமிழ்நாட்டில் யானைக்கால் பாதித்த மாவட்டங்களில் வீடு வீடாக வந்து கொடுத்தார்களே, டி.இ.சி. மாத்திரை, அதுதான் இது. பெஞ்சமின் டுகர் என்ற ஓய்வு பெற்ற தாவரவியல் பேராசிரியரை அவர் ஆய்வுக்கூடத்தில் வைத்திருந்தார்கள். வயது எழுபதைத் தாண்டியவர். அவர் மண்ணைச் சலித்துச் சலித்து ஒரு பொன்னிற நுண்ணுயிரைப் பிடித்தார். அதிலிருந்து ஆரியோமைசின், 1948-ல் வெளியானது. டெட்ராசைக்ளின் வம்சத்தின் மூத்த பிள்ளை. 1994-ல் சூரத்தில் பிளேக் என்று நாடே நடுங்கியபோது மருந்துக் கடைகளில் ஜனங்கள் முண்டியடித்து வாங்கியது அந்த வம்சத்து மாத்திரையைத்தான்.

ஆரியோமைசின் வெளியானதற்கு அடுத்த மாதம், 1948 ஆகஸ்டில், நியூயார்க்கில் ராத்திரி படுத்தவர் காலையில் எழவில்லை. மாரடைப்பு. 53 வயது. இருபத்தைந்து வருஷம் அங்கே இருந்தும் அமெரிக்கக் குடிமகன் ஆகவில்லை. ஊருக்கும் திரும்பவில்லை. நம் நாடு விடுதலை ஆகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது.

1995-ல் நூற்றாண்டுக்கு இந்திய அரசு ஒரு தபால் தலை வெளியிட்டது. அதற்கு வெகு முன்னால், 1953-ல், லெடர்லியில் வேலை பார்த்த ஹெசெல்டைன் என்ற விஞ்ஞானி தான் புதிதாகக் கண்ட ஒரு பூஞ்சைக்குச் சுப்பாரோமைசிஸ் என்று அவருடைய பெயரை வைத்தார். அது எங்கே கிடைத்தது என்பதை நம் சிவில் நண்பர்கள் ரசிப்பார்கள். சாக்கடைத் தண்ணீரைச் சுத்தம் செய்ய ஜல்லிப் படுகையின் மேல் தெளித்து விடுவார்களே, டிரிக்ளிங் ஃபில்டர், நான்காவது செமஸ்டரில் படம் வரைந்து பாகம் குறிக்கச் சொல்வார்களே, அந்த ஜல்லியின் மேல் படரும் பூஞ்சை அது.